பழுதில்லாத ஒரு துளி

ஐம்பதுகளில் ராயபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ரத்தப் பரிசோதனை அறையில் வேலை பார்த்தேன். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பதுதான் உத்தியோகம். ஆட்களின் முகம் மறந்துபோகும்; ரத்தம் மறக்காது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மழை விட்ட ஒரு காலையில், கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண் ஒருத்தி சீட்டை நீட்டினாள். பின்னால் நீள வரிசை. அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு வெளுத்துப்போன ஒரு சிறுமி. துணைக்கு வந்த பிள்ளை என்று நினைத்தேன். சீட்டில் வயதைப் பார்க்கவில்லை. அந்தப் பெண் நீட்டிய விரலைக் குத்தி, துளியைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டுப் பார்த்தேன். எவ்வளவு அழகான ரத்தம்! நடுவில் வெளிறிய வட்ட வட்டச் சிவப்பணுக்கள். ஒன்றில்கூட மலேரியாக் கிருமி இல்லை. அப்படியே எழுதிக் கொடுத்தேன். டாக்டர் அதை நம்பி, மலேரியாவுக்கான கொயினா மருந்து கொடுக்காமல் டானிக் எழுதி அனுப்பிவிட்டார்.

மூன்றாம் நாள் அவள் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளைக்கு நினைவில்லை. மறுபடி ரத்தம் எடுக்க வார்டுக்குப் போனேன். பிள்ளையின் விரலைத் தொட்டதும் அவள் தன் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"அன்னிக்கி மாரி என்னாண்டயே எட்த்துக்க நைனா. அதுக்கு ஒடம்புல ரத்தமே இல்லன்னு டாக்டரு சொன்னாரு. கீறதையும் நீ எட்த்துட்டா இன்னா ஆவும்? நான் பெத்ததுதானே, ரெண்டும் ஒண்ணுதானே?"

அவள் கையை விலக்கி, பிள்ளையின் விரலைக் குத்தினேன். மகளின் ரத்தத்தைப் பார்த்தேன். அணுவுக்கு அணு சின்ன மோதிரமாகக் கிருமி, சிலவற்றில் இரண்டு. முடியைவிட மெல்லிய ரத்தக் குழாய்களில் சிவப்பணுக்கள் ஒவ்வொன்றாகத்தான் நுழைந்து போக முடியும் என்றார் டாக்டர். கிருமி ஏறியவை அங்கே ஒட்டிக்கொண்டு வழியை அடைத்துவிடுமாம். மூளையில் அதுதான் நடந்திருந்தது. கொயினா ஊசி போட்டார். சாயங்காலம் பிள்ளை போய்விட்டாள்.

இப்போதும் கண்ணை மூடினால் கிருமி மொய்த்த அந்தத் தகடு வருவதில்லை. தாயின் ரத்தம்தான் வருகிறது, ஒரு பழுதும் இல்லாமல். அதைக் கண்டுதான் பயப்படுகிறேன்.

அன்று வராந்தாவில் அவள் கேட்டாள்: "மொதல்லயே கண்டுபுட்ச்சிருந்தா பொயச்சிருக்குமா நைனா?"

பிழைத்திருப்பாள். எனக்குத் தெரியும். "விதிம்மா" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ இன்னா பண்ணுவ, பாவம். உன்னால ஆனத பாத்துட்ட" என்றாள்.