வாய் திறக்காத அண்ணி

பிரப்பங்கொடியின் முள் அண்ணியின் கொண்டையைப் பிடித்து இழுத்த நொடிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும். முடி அவிழ்ந்து முதுகில் விழுந்தது. கூடவே ஒரு சின்னத் துணிமுடிச்சு பாறைமேல் விழுந்தது. எடுத்துப் பிரித்தேன். உள்ளே அரிசி.

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம் அது. தோட்டத்துக்கு வெளியே ஒரு பிடி அரிசியோடு பிடிபட்டால், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கொண்டு போவதாகச் சொல்லி ஜெயிலில் போட்டுவிடுவார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களைக்கூடத் தோட்டத்துக் கேட்டில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். அன்று சோதித்த பெண்ணுக்குக் கொண்டையைத் தடவத் தோன்றவில்லை போலும்.

அன்று காலையில்தான் லூபோக் சீனா ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் அண்ணியின் அப்பா இறந்துபோன செய்தி வந்தது. அண்ணன் மலாக்கா ஆஸ்பத்திரியில் படுத்திருந்ததால் நான் ஒரு துணிமூட்டையோடு துணைக்குக் கிளம்பினேன். பெரிய ரோட்டை ராணுவம் மூடியிருந்தது, பஸ் இல்லை. ஊரடங்குக்கு முன்பே அடக்கம் செய்துவிடுவார்கள். அண்ணி ரோட்டைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், சேலையைத் தூக்கிச் செருகினார். அவரோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் இல்லை.

தடம் என்று ஒன்று கிடையாது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓடை கிழித்துவிட்ட பள்ளத்தில், பாசி பிடித்த பாறைகளில் தவழ்ந்து ஏறினோம். சில இடங்களில் மார்பளவு தண்ணீர். அட்டைகளைப் பிடுங்கிப் பிடுங்கி விரலெல்லாம் ரத்தம். நிழல் அசைந்தாலே பாறையோடு ஒட்டிக்கொண்டோம். காட்டுக்காரர்கள் பார்த்தால் துப்பு சொல்ல வந்தவர்கள் என்பார்கள், பட்டாளம் பார்த்தால் கேட்காமலே சுடும். இப்போது அந்தப் பக்கமெல்லாம் செம்பனை எண்ணெய்த் தோட்டம். காரில் அரை மணி நேரம் கூட ஆகாது. இதைச் சொன்னால் பேரன் சிரிக்கிறான்.

"அங்க இல்லாத அரிசியா அண்ணி? நம்ம ரெண்டு பேரையும் கொல்லப் பாக்குறீங்களா?" என்று கேட்டேன். கோபத்தில் அழுகை வந்தது.

"அது அந்த வீட்டு அரிசி, இது என் வீட்டு அரிசி. கல்யாணம் ஆனதுலேருந்து அப்பா என் வீட்டுல ஒரு வாய் சோறு தின்னதில்ல. வாய்க்கரிசியாவது என் கையால போவட்டும், புள்ள."

பதில் சொல்வதற்குள் மேலே கல் உருண்டது. பூட்ஸ் சத்தம். அண்ணி என் கையிலிருந்து முடிச்சைப் பிடுங்கி, அரிசி முழுவதையும் தன் வாயில் கொட்டிக்கொண்டு துணியை ஓடையில் விட்டார். பிணத்தின் வாயில் போட வேண்டியதை உயிரோடிருப்பவர் வாயில் போட்டுக்கொண்டார்.

இரண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்கள், ஒரு மலாய்ப் போலீஸ்காரர். துப்பாக்கிகள் எங்களை நோக்கி நின்றன. "மானா பெர்கி?" எங்கே போகிறீர்கள் என்று போலீஸ்காரர் அண்ணியைத்தான் கேட்டார். அண்ணி வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டார். கன்னத்தில் கண்ணீர் மட்டும் இறங்கியது. ஒரு சிப்பாய் துப்பாக்கியை உயர்த்தினான்.

"பாப்பா டியா சுடா மாத்தி, துவான்" என்றேன். இவருடைய அப்பா செத்துப்போனார், ஐயா என்று அர்த்தம். பிறகு எங்கிருந்துதான் வந்ததோ, முகத்தைப் பார்க்கும்வரை மகள் பேசக்கூடாது, அது எங்கள் 'அடாட்' என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் எங்களுக்குக் கிடையாது. ஆனால் அடாட் என்றால் மலாய்க்காரர்களுக்குப் புரியும். போலீஸ்காரர் எங்கள் மூட்டையை உதறிப் பார்த்தார், ஐசி என்ற அடையாள அட்டையைப் பார்த்தார், சிப்பாய்களிடம் ஏதோ சொன்னார். போகச் சொல்லிக் கையை வீசினார்.

அதன்பிறகும் அண்ணி பேசவில்லை. பயத்தில் அரிசியை விழுங்கிவிட்டார், அந்தத் துக்கம்தான் என்று நினைத்துக்கொண்டே பின்னால் நடந்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாடையைத் தூக்கத் தயாராகியிருந்தார்கள். யாரோ அரிசித் தட்டை நீட்டினார்கள். அண்ணி அதைத் தொடவில்லை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, தாடையில் அடக்கி வைத்திருந்த அரிசியை உள்ளங்கையில் எடுத்தார். ஊறி வெளுத்திருந்தது.

"எச்சி அரிசிம்மா, ஆவாது" என்றார் ஒரு பெரியவர்.

"சின்னதுல இவரு மென்னு குடுத்துத்தான் நான் தின்னேன். இவருக்கு ஆவும்" என்றார் அண்ணி. அப்பாவின் உதட்டை விரலால் விலக்கி, ஒரு மணிகூடச் சிந்தாமல் ஊட்டினார்.