ஸ்பாஞ்சைக் கழுவிய மேனேஜர்

அந்த விடுதியில் அவளுக்குப் பெயர் குளத்தக்கா. வரவேற்பறைக்கு வெளியே இருந்த குளத்தில் ஒன்பது வண்ண மீன்கள். பதினொரு வருடமாக அவற்றுக்குத் தாயும் அவள்தான், வைத்தியரும் அவள்தான். ஃபில்டர் வாங்கப் போன அன்று கடைக்காரர் பளபளவென்று ஒரு குட்டிப் பெட்டியை நீட்டினார். "இது கண்ணாடித் தொட்டிக்குத்தாண்ணே ஆகும்" என்று தள்ளிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் குளத்துத் தண்ணீர் முழுவதையும் ஒரு சுற்று சுற்றவைக்கும் மோட்டாரையும் பெரிய டிரம்மையும் அடம்பிடித்து வாங்கினாள். டிரம்முக்குள் இருந்த ஸ்பாஞ்சுக்குக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரைக் காட்டவே மாட்டாள். குளத்துத் தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து வைப்பாள். மீன் கழிவின் விஷத்தைத் தின்று தீர்க்கும் கிருமிகள் அந்தப் பழுப்பு வழவழப்பில்தான் குடியிருக்கின்றன.

புது மேனேஜருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஸ்பாஞ்சை இரண்டு விரலால் தூக்கி, விருந்தாளிகள், வேலைக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் மூக்கைச் சுளித்தார்.

"இவ்வளவு வருஷம் நீ வேலை பார்த்த லட்சணம் இதுதானா?"

"சார், அந்த அழுக்குலதான்..."

"வாயை மூடு. நாளையிலேருந்து வராதே."

அன்றே ஸ்பாஞ்சு பிளீச்சிங் பவுடரில் ஊறிப் பால்வெள்ளையாக வந்தது. கிருமிகள் பூண்டோடு ஒழிந்தன. அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனாலும் வாய் திறக்கவில்லை. மூடு என்றாரே, மூடியே இருக்கட்டும்!

"ஒரு வாரம்தான்டி. அந்த ஆளு என் வாசல்ல வந்து நிக்கிறாரா இல்லையா பாரு" என்றாள் மகளிடம்.

"உன் கோபத்துக்கு மீனுங்க என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

"கேட்டா சொல்லுவேன். கேக்கலையே!"

எட்டாம் நாள் காலையில் வந்தே விட்டார், சட்டையெல்லாம் வியர்வை. "மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குதும்மா. அந்தச் சிவப்புத் தலை மீன் செத்துப்போச்சு. கொஞ்சம் வந்து பாருங்க."

சிவப்புத் தலை! விரல் நீளக் குஞ்சாக வந்து, அவள் கையிலேயே தின்று வளர்ந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருக்கும். அந்தச் சாவில் தனக்கும் பங்குண்டு என்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கும் சேர்த்து அவர் மேல்தான் ஆத்திரம் வந்தது.

வீட்டுக்குப் பின்னால், நோயாளி மீன்களுக்கென்று அவள் வைத்திருந்த பெரிய சிமெண்ட் தொட்டியில் கிருமிகள் ஊறி நன்றாகப் பழுத்த ஃபில்டர் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சம் எட்டையும் அங்கே கொண்டுவந்து விட்டாள். வாளி சுமந்தது மேனேஜர். பேன்ட் முழங்கால்வரை நனைந்து, மூச்சு வாங்க நடந்தார். பாவம் என்று ஒரு வாளியைக்கூட அவள் கைமாற்றிக்கொள்ளவில்லை.

மத்தியானத்துக்குள் மீன்கள் தெளிந்து அடியில் நீந்த ஆரம்பித்தன. மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"முதலாளி நாளைக்கு வர்றாரும்மா. குளம் காலியா கிடக்கே, நான் என்ன சொல்றது? எப்போ திருப்பித் தருவீங்க?"

"ஃபில்டர்ல மறுபடி கிருமி ஊற ஆறு வாரமாவது ஆகும் சார். அப்புறம் வாங்க" என்றாள். "தனியா வராதீங்க. அன்னைக்கு வேடிக்கை பார்த்தாங்களே வேலைக்காரங்க, அவங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்து கேளுங்க."

கதவைச் சாத்தினாள். தொட்டியருகே போய் உட்கார்ந்து, எட்டுதானா என்று மறுபடி எண்ணிப் பார்த்து, அழுதாள்.