ஆரை அரைத்த கை

போன வாரம் மகள் ஆன்லைனில் வாங்கிய தோல் களிம்பின் டப்பாவில் நாலு இதழ் இலை ஒன்று படமாக இருந்தது. நம் ஆரைக்கீரை! ஆசையாகத் திறந்து முகர்ந்தேன். ரோஜா வாசம். எனக்குக் கோபமே வந்துவிட்டது. ஆரை பூவே பூக்காத பெரணிச் சாதி. ஊருணிச் சேற்றில் முளைப்பது, அரைத்தால் சேறும் பச்சையுமாகத்தானே மணக்கும், நீங்களே சொல்லுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் தொண்டியில் ஒரு இறால் கம்பெனிக்குத் தோல் உரிக்கப் போய்க்கொண்டிருந்தேன். ஐஸில் கிடந்த இறாலை நாளெல்லாம் உரித்தால் நம் விரலும் சேர்ந்து உரியும். சாயங்காலம் பஸ் வரும்வரை ஊருணிக் கரையில் ஆரை பறிப்போம். மஞ்சள் சேர்த்து அரைத்து அப்பிக்கொண்டால் எரிச்சல் அடங்கும், அரிப்பும் நிற்கும். நகக்கண்ணில் ஏறிய பச்சைதான் எந்தச் சோப்புக்கும் போகாது.

என் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தவள் மெட்டில்டா. அவளுக்கு நிச்சயம் வைத்தார்கள். அவர்கள் கிறிஸ்தவ வேதத்தில் நிச்சயத்துக்கு மோதிரம் போடுவார்கள், பாழாய்ப்போன மோதிர விரல்தான் மோசமாக உரிந்திருந்தது. நிறைய அப்பினால் சீக்கிரம் ஆறும் என்று நிச்சயத்துக்கு முதல் நாள் எல்லோருமாகச் சேர்ந்து அவள் கையையே மெழுகிவிட்டோம். விடிந்து பார்த்தால் பாசி பிடித்த படித்துறை மாதிரி இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புள்ளைக்குச் சொறி கிறி இருக்கா?"

தோல் வியாதி என்று பேர் வந்துவிட்டால் அப்புறம் எவன் பெண் கேட்டு வருவான்? மெட்டில்டா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை தன் கையை அம்மாவிடம் நீட்டினார். வலைக்கயிறு அறுத்த வெடிப்பெல்லாம் அதே பச்சை.

"நேத்து நீதான அரைச்சுப் போட்ட. அப்ப எனக்கும் சொறியா?"

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். பச்சை விரலில் மோதிரம் ஏறியது.

களிம்பை எடுத்துக்கொண்டு மெட்டில்டாவைப் பார்க்கப் போனேன். கம்பெனியை மூடி வெகுகாலமாகிறது. ஊருணிக்குச் சிமெண்டுக் கரை கட்டிவிட்டார்கள், ஆரை முளைக்கச் சேறு இல்லை. அவள் வீட்டுக்காரர் படகை விற்றுவிட்டு துபாயில் வாட்ச்மேனாக இருக்கிறார். தினமும் வீடியோவில் பேசுவாராம். அவர் கையைக் காட்டச் சொல்லி இவள் பார்ப்பாளாம்.

"வெடிப்பெல்லாம் ஆறிப்போச்சு புள்ள," என்றாள். "யாரு கையோ மாதிரி இருக்கு."