காப்புக் கட்டிய எட்டு இரவுகளும் பன்னிரண்டு ஆரக்கால்களும்

1961 ஜூலை 24, திங்கட்கிழமை, காலை எட்டு பத்து. மலையில் சாரல், அடிவாரத்தில் காற்று மட்டும். மலைமேல் உள்ள அரியூர் நாட்டிலிருந்து மூன்று மணி நேரம் நடந்து இறங்கி, என் மாணவர்கள் மூவருடன் சேந்தமங்கலத்தில் மாணிக்க ஆசாரியின் வண்டிப் பட்டறை முன் நின்றேன்.

அப்போது நான் மலையில் தச்சு வகுப்புக்கு கிராஃப்ட் மாஸ்டர். படித்தவர்கள் பதினான்கு பேர். தேறிய மூவரை ஆசாரியிடம் ஓராண்டு அப்ரண்டிசாக விட, வகுப்பை நடத்திய அரசு ஆபீசில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பட்டறையிலேயே தங்க வேண்டும் என்பது நிபந்தனை. தவறினால் இடம் பட்டியலில் அடுத்தவனுக்குப் போகும். சேரும் தேதியைக் குறித்தது நான்தான். உளி, மரம் செதுக்கும் வாச்சி, பாய், தட்டு என இருபத்துமூன்று உருப்படிகளை இரண்டு முறை எண்ணியிருந்தேன்.

ஆசாரி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும், மூவரில் மூத்தவனான வெள்ளையன் வாயைத் திறந்தான்.

"சார், பொழுது உழுகறதுக்குள்ள ஊட்டுக்குப் போயிரோணுங்க. நேத்து ஊருல காப்புக் கட்டியாச்சுங்க."

"இதை மேலேயே சொல்றதுக்கு என்னடா?"

"நீங்க கேக்கலீங்க. சாமான் எண்ணிட்டிருந்தீங்க."

மூவரும் ஒரே ஊர். வகுப்பிலிருந்து இரண்டு மைல். அம்மன் நோன்புக்குக் காப்புக் கட்டினால், அவிழ்க்கும்வரை அந்த ஊரார் யாரும் எல்லைக்கு வெளியே இரவு தங்கக் கூடாது. இன்னும் எட்டு இரவுகள் இருந்தன.

"தெனமும் ஏறி எறங்கிக்கறோமுங்க" என்றான் வெள்ளையன்.

ஏற நாலரை மணி நேரம். ஆசாரி சிரித்தார். "ஏழரை மணி நேரம் நடந்துட்டு வாச்சி புடிச்சீன்னா கட்டை போகாது சாமி, கால்தான் போகும்."

"இங்கேயே இருக்கச் சொல்லுங்க ஆசாரி. இடம் போயிடும்" என்று கெஞ்சினேன்.

"ஏனுங்க வாத்தியாரே, காப்புக் கட்டின ஊருக்காரன என் ஊட்ல படுக்க வச்சா, மலையில எவன் எனக்குக் கட்டை குடுப்பான்?"

உள்ளே போய்ப் பன்னிரண்டு கட்டைகளும், மாதிரிக்குச் செதுக்கிய ஓர் ஆரக்காலும் எடுத்து வந்தார். ஒரு சக்கரத்துக்குப் பன்னிரண்டு. "தலைக்கு நாலு. காப்பு அவுத்ததும் கொண்டாங்க கண்ணு. சக்கரத்துல சேர்ந்தா நீங்க இங்க. சேராட்டி ஊட்டுக்கு."

ஆபீசில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தேன். கிளார்க் இரண்டு முறை படித்தார்.

"தங்கினாங்கன்னு ஒரு வரி எழுதுங்க சார். இல்லீன்னா முன்கூட்டி வாங்குன சாப்பாட்டுப் படிய உங்க சம்பளத்துல புடிப்பாங்க."

எழுதவில்லை. ஒன்றாம் தேதிவரை இடத்தை நிறுத்தி வைக்க ஒப்புக்கொண்டார்.

எட்டு நாளும் அவர்கள் செதுக்குவதைப் பார்க்க அந்த ஊருக்குப் போனேன். பார்ப்பதோடு நிறுத்தியிருக்கலாம்.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி ஆசாரி ஆரக்கால்களைச் சக்கரக் குடத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். பதினொன்று கச்சிதமாக இறங்கின. பன்னிரண்டாவது ஆடியது.

"இது யார் செதுக்குனது?"

வெள்ளையனின் பங்கு அது. அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நான்தாங்க. அவன் கையிலிருந்து உளியை வாங்கிக் கொஞ்சம் திருத்தினேன்" என்றேன்.

ஆசாரி அதை விறகுப் பக்கம் வீசினார். "பசங்க மூணு பேரும் இருக்கட்டும். வாத்தியார் மலைக்குப் போகட்டும்."

பிறகு நான் தேதி குறித்தபோதெல்லாம், காப்பு எப்போது என்று முதலில் ஊரில் கேட்டேன். மாணவன் கையிலிருந்த உளியை வாங்கவில்லை. இரண்டையும் கற்க ஆன செலவு: சாப்பாட்டுப் படி, மூவருக்கு எட்டு நாள், தலைக்கு 75 நயா பைசா வீதம் 18 ரூபாய், பாழான கட்டைக்கு ஒன்றேகால். ஆக மொத்தம் 19 ரூபாய் 25 நயா பைசா.