பள்ளத்து ஆபீசு

தொண்ணூறுகளில் வெள்ளகோவில் பக்கம் நெடுஞ்சாலைத் துறையின் டிப்போ ஒன்றுக்கு இளநிலைப் பொறியாளராகப் போய்ச் சேர்ந்தேன். "பள்ளத்து ஆபீசெல்லாம் எறங்குங்க" என்று கண்டக்டர் கத்தினார். முதல் நாளே இப்படி ஒரு பேரா என்று எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. இறங்கிப் பார்த்தால் அவர் சொன்னது நிஜம்தான்.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கருங்கல் சுவர், மங்களூர் ஓடு, வளைவு வாசல், சித்திரையிலும் குளுகுளுவென்று ஒரு கூடம். ஒரு காலத்தில் ரோட்டிலிருந்து படியேறித்தான் உள்ளே போவார்களாம். தார்மேல் தார் போட்டு ரோட்டை உயர்த்திக்கொண்டே வந்ததில் படியெல்லாம் அடியில் போய்விட்டது. நான் போனபோது ரோட்டிலிருந்து உள்ளே இறங்க வேண்டியிருந்தது. சொந்த ஆபீசைச் சொந்தக் கையால் புதைக்கும் சாமர்த்தியம் வேறெந்தத் துறைக்கும் வராது.

மழை பெய்தால் கூடத்துக்குள் தண்ணீர். ஒருநாள் மேலதிகாரி வந்து பார்த்தார். "இன்னொரு தடவை தண்ணி ஏறினா பூட்டிட்டு டிப்போவக் காங்கயத்துக்கு மாத்திருவேன்" என்றார். அவர் போனதும் தார் வேலைக்கு வரும் பெண்கள் கூடி வந்துவிட்டார்கள். கைக்குழந்தைகளுக்கு அந்தக் கூடத்தில்தான் தொட்டில் கட்டியிருந்தார்கள். காங்கயத்துக்கு யார் தூக்கிக்கொண்டு அலைவது? "அம்மணி, நீங்கதான் ஒரு வழி பண்ணோணும்" என்று என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, அதே ரோட்டுக்கு மறுபடி தார் போட உத்தரவு வந்தது. எனக்கு வீம்பு பிடித்துவிட்டது. முதலில் டிப்போ முன்னால் உள்ள பழைய தாரையெல்லாம் கடப்பாரையால் பெயர்த்தெடுக்கச் சொன்னேன். தோண்டத் தோண்டப் படிகள் வெளியே வந்தன. பெண்கள் கும்மியடிக்காத குறை. இரண்டு பக்கமும் சரிவு கொடுத்துப் புதுத் தாரைத் தாழ்வாகவே போட்டு, தண்ணீர் வடிய ஓரத்தில் ஒரு வாய்க்காலும் வெட்டினோம்.

மேலதிகாரியின் ஜீப் அந்தச் சரிவில் தொபுக்கென்று இறங்கி நின்றது. "ரோடு போடச் சொன்னா குழி வெட்டி வெச்சிருக்கீங்களா?" என்று அவர் கத்த ஆரம்பித்ததும் மழை பிடித்துக்கொண்டது. ஓடிவந்து படியேறிக் கூடத்தில் நின்று மீதியைக் கத்தினார். வெளியே தண்ணீர் ஜீப் சக்கரத்தை நனைத்தபடி ஓரத்து வாய்க்காலுக்கு ஓடியது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த பெண் பவ்யமாக எழுந்தாள்.

"ஏனுங்க சார், பூட்டு எடுத்தாரட்டுங்களா?"

அவர் தரையைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மெதுவாப் பேசும்மா, குழந்தை முழிச்சுக்கும்."