கடைசியில் இறங்கும் பிள்ளை

கணவர் காலமான பின், உருகுவேயின் சால்தோ நகரத்து வடக்குப் பேட்டையில் நீபியா பெரெய்ரா ஒரு பெட்டிக்கடை வைத்தார். ஆரஞ்சுத் தோப்புகளுக்குப் போகும் சாலை அந்தக் கடைமுனையில்தான் தொடங்குகிறது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பேட்டைப் பிள்ளைகள் அவரை அத்தை என்றே அழைத்தார்கள்.

எங்கள் பேட்டைச் சிறுவர் கால்பந்துக் கழகத்தின் பயிற்சியாளர் வால்தெமார், பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளைத் தம் வேனில் ஏற்றி வீடுவீடாக இறக்கிவிடுவார். அணித்தலைவன் மட்டும் கடைசியில் இறங்குவான். பந்துப் பை அவன் பொறுப்பு. தோப்புச் சாலையில் வால்தெமாரின் கொட்டகைக்குச் சென்று, அங்கே பையை வைத்துப் பூட்டிய பிறகே அவன் வீடு திரும்புவது கழகத்தின் நெடுநாள் வழக்கம். அந்தப் பையைச் சுமப்பதற்குப் பிள்ளைகளிடையே போட்டி இருந்தது. ஆகையால், அவ்வாண்டுத் தலைவனான நாஹுவெல், மைதானச் சுவரை ஒட்டிய வீட்டுப் பையனாக இருந்தும் ஊரைச் சுற்றிவிட்டு வீடு சேர்வதில் எவருக்கும் வியப்பில்லை.

ஒருநாள் மாலை, சிகரெட் வாங்குவதற்காக வால்தெமார் கடைமுன் வேனை நிறுத்தினார். கடைமுனையிலேயே தம் பிள்ளைகளை அழைத்துக்கொள்ள வந்திருந்த இரு தந்தையரோடு அவர் பேசிக்கொண்டிருக்கையில், நாஹுவெல் இறங்கி வந்து பலகையருகே நின்றான்.

“என்னடா கேப்டன், அல்ஃபஹோர் வேணாமா? இனிப்புன்னா உசுரை விடுவியே!”

அவன் நிமிராமல் சொன்னான்: “அத்தை, என்னை முதல்ல எறக்கிவிடச் சொல்லி மாஸ்டர்கிட்ட சொல்லுங்களேன். நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.”

“ஏன்டா?”

“சும்மாதான்.”

“அங்க என்ன ரகசியம்?” என்றார் வால்தெமார். “நீபியாக்கா, என் கேப்டனுக்குத் தின்னக் குடுத்துக் குடுத்துக் குண்டாக்கிடாதீங்க. ஞாயித்துக்கிழமை ஓடணும்!”

தந்தையர் சிரித்தார்கள். பையன் வேனில் ஏறிக்கொண்டான்.

மறுநாள் காலையில் நீபியா, நாஹுவெலின் தாய் யானினாவிடம் சென்று, பையன் கேட்டதைச் சொன்னார்.

“பை கனக்குதாம் துரைக்கு!” என்று யானினா சிரித்தாள். “அவங்கப்பனும் இப்படித்தான் அக்கா. ஒரு மூட்டையைத் தூக்கச் சொன்னா உடனே முதுகு வலிக்கும்.”

“நான் பையைப் பத்திப் பேசல, யானினா.”

சிரிப்பு நின்றது. அந்த வாரமே நாஹுவெல் பயிற்சிக்கு வருவதும் நின்றது. நீபியா மீண்டும் சென்றபோது யானினா கதவைப் பாதிதான் திறந்தாள்.

“உங்க கால்ல விழறேன் அக்கா, இதோட விட்டுடுங்க. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல எம்புள்ளையைக் காட்டிக் காட்டிப் பேசுவாங்க. அவன் இந்த ஊர்லதானே வளரணும்?”

“அப்ப அடுத்த புள்ளை?”

“அடுத்த புள்ளைக்கு அவனோட அம்மா இருக்கா.”

அடுத்த பிள்ளை பௌதிஸ்தா, அணியிலேயே சிறியவன். பை அவன் தோளுக்கு மாறியது. அவனுடைய தாய் பழம் அடைக்கும் கூடத்தில் மாலை முறை வேலை பார்த்தாள். நீபியா சொன்னதை அவள் முழுதும் கேட்டாள். நேரே யானினாவிடமும் போய் விசாரித்தாள். “ஒண்ணுமே இல்லைன்னு அவளே சொல்றாளே அக்கா,” என்று திரும்பி வந்தாள். நீபியா கொடுத்த புகாரின்பேரில் காவல் நிலையத்திலிருந்து சென்ற அதிகாரியிடமும் யானினா, பையனுக்கு வயிற்றுவலி என்றே சொன்னாள். அதிகாரி நீபியாவிடம் மரியாதையாகவே கேட்டார்: “நீங்க கண்ணால என்ன பார்த்தீங்கம்மா?”

“வேன் போறதைப் பார்த்தேன்.”

“வேன்னா போகத்தானே செய்யும்?”

எஞ்சியிருந்தவர் கழகத் தலைவர் தோன் எலாதியோ. அவர் மாத்தே பானத்தை உறிஞ்சியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“வால்தெமார் சம்பளமே வாங்கறதில்ல, நீபியா. அவரு போயிட்டா, நீ விசிலை ஊதிக்கிட்டு ஓடுவியா?”

“அவரை அனுப்பச் சொல்லல. வேன்ல இன்னொரு பெரியவங்க இருக்கணும்னு ஒரு விதி போடுங்க. அது போதும்.”

“யாரு வேலைவெட்டி இல்லாம இருக்கா?”

“நான் இருக்கேன்.”

தொல்லை தீர்ந்தது என்று அவர் உடனே இசைந்தார். அது முதல், பயிற்சி நாள்களில் நீபியா கடையை அடைத்துவிட்டு வேனில் ஏறினார். “டிக்கெட் எடுத்தாச்சா?” என்று வால்தெமார் பிள்ளைகள் முன்னே கேலி செய்வார். கொட்டகையில் பை பூட்டப்படும் வரை நீபியா வாசலில் நிற்பார். வீடு திரும்பும் வழியெல்லாம் பௌதிஸ்தா வாய் ஓயாமல் பேசுவான். தான் அடிக்கத் தவறிய கோல்களுக்கெல்லாம் அவனிடம் காரணம் இருந்தது.

குளிர்காலம் முடியும் தறுவாயில் புதிய பிள்ளைகள் சேர்ந்தனர். வேனில் இருவர் ஓர் இருக்கையில் நெருங்கி உட்கார நேர்ந்தது. “எம்புள்ளை மடியில உக்காந்து வர்றான், இந்தம்மா சன்னலோரமா ஊர்வலம் போறாங்க,” என்று ஒரு தாய் கழகக் கூட்டத்தில் முறையிட்டாள். ஒரு பிள்ளைக்கு ஓர் இருக்கை, ஒரு சீட் பெல்ட். வேனில் பிள்ளைகள் மட்டுமே செல்ல வேண்டும் என்று கழகக் குழு முடிவெடுத்தது. பிள்ளைகளின் பாதுகாப்பே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. நீபியா எழுந்து பேசினார். அவர் பேசி முடிக்குமுன்பே எல்லாரும் கைதூக்கியிருந்தார்கள்.

அடுத்த பயிற்சி நாளில், மற்றவர்கள் இறங்கிவிட்டிருக்க, வேன் தோப்புச் சாலைக்குத் திரும்பியது. நீபியா கடையிலிருந்து ஓடி வந்து நடுச்சாலையில் நின்றார். வேன் நின்றது. அவர் பக்கக் கதவைத் திறந்தார்.

“இறங்குடா பௌதிஸ்தா. அத்தை உன்னை வீட்டுல விடறேன்.”

பையன் மடிமேலிருந்த பையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு வால்தெமாரைப் பார்த்தான். அவர் புன்னகை செய்தார். பின்னால் நின்றுவிட்ட லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். “வழியை விடுங்கம்மா, வீட்டுல சோறு ஆறுது!”

“வேணாம் அத்தை,” என்றான் பௌதிஸ்தா மெதுவாக. “இறங்கினா பையை வேற யாருக்காவது குடுத்துடுவாரு.”

அவனே கதவை இழுத்துச் சாத்தினான்.

நீபியா கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு வேனுக்குப் பின்னால் தோப்புச் சாலையில் நடந்தார். கொட்டகை வெகுதூரம். லாரி அவரைக் கடந்து சென்றது. அவர் ஓட முயன்றார்; மூச்சு வாங்கியது; மறுபடியும் நடந்தார்.