பாதி மீசை

சலூன்காரர் கத்திரியைக் காற்றில் நாலைந்து தரம் வெட்டிவிட்டுத்தான் தலையில் வைப்பார். "காத்துக்கும் முடி வளந்துடுச்சு, அதான்" என்பார். நாற்காலியில் உட்கார்ந்தவர் வாயைத் திறக்கவே வேண்டாம். கேள்வியும் அவரே, பதிலும் அவரே. சலூனுக்குப் பெயர்ப்பலகை உண்டு, யாரும் படித்ததில்லை. 'வாயாடி கடை' என்றால் சின்னப் பிள்ளையும் வழி காட்டும்.

கல்லீரலில் ஹெபடைடிஸ் சி கிருமி என்று தெரிந்தபோதும் அந்த வாய் ஓயவில்லை. வாரம் ஓர் ஊசி, தினமும் மாத்திரை. முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. "ஊர்த் தலையெல்லாம் வெட்டுறேன், என் தலைய மட்டும் நானே வெட்டிக்க முடியாம கெடந்துச்சு. ஊசி அந்தக் குறையத் தீத்துடுச்சு" என்று வழுக்கையைத் தடவிக் காட்டினார். கடையே சிரித்தது.

ஊசி போட்ட இரவில் காய்ச்சல் வரும், பல் தந்தியடிக்கும். அதை டாக்டரிடம் சொன்னார். இந்த ஊசி சிலருக்கு மனசையும் வாட்டும், மனசு சரியில்லை என்றாலும் உடனே சொல்லணும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதை மட்டும் விழுங்கிவிட்டார். சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள், கிருமி ஈரலைத் தின்றுவிடும் என்று பயம். காற்றை வெட்டும் சத்தம் எப்போது நின்றது என்று யாரும் கவனிக்கவில்லை.

இன்று வங்கிக் காவலாளிக்கு மீசையின் ஒரு பக்கத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு, "ஆச்சு" என்று துண்டை உதறினார்.

காவலாளி கண்ணாடியில் எட்டிப் பார்த்தார். "ஏண்ணே, இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் என் பொண்டாட்டிக்கா?"

பழைய வாயாடியாக இருந்தால் இதற்குப் பத்துப் பதில் வந்திருக்கும். இவருக்குப் பொலபொலவென்று கண்ணீர்தான் வந்தது.

"அய்யோ, சும்மா சொன்னேண்ணே! இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்று பதறிய காவலாளி, பாதி மீசையோடேயே வேலைக்கு நழுவினார்.

காலி சாப்பாட்டு டப்பாவை எடுத்துப்போக மனைவி வந்தாள்.

"என்னங்க, கண்ணு செவந்திருக்கு?"

"முடி விழுந்துடுச்சு."

"யாரு முடி? உங்களுக்குத்தான் ஒண்ணும் மிச்சமில்லையே."

சிரிக்கப் பார்த்தார். உதடு கோணியதே தவிர, சிரிப்பு வரவில்லை. "மனசு ஒரே இருட்டா இருக்குடி. கத்தியக் கையில எடுத்தா என்னை நெனச்சு எனக்கே பயமா இருக்கு. டாக்டர்கிட்ட சொன்னா ஊசிய நிறுத்திடுவாங்க."

டப்பாவைத் தூக்கியவள் அதை மார்போடு இறுக்கிக்கொண்டாள். பிறகு குரலை மட்டும் கறாராக்கிக்கொண்டாள்.

"நிறுத்தட்டும். அந்த மருந்து இல்லேன்னா வேற மருந்து. நீங்க இல்லேன்னா வேற ஆளுக்கு நான் எங்க போவேன்? கெளம்புங்க."

அவள் கையிலிருந்த டப்பாவை வாங்கினார். சவரக்கத்தியை மடக்கி அதற்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடி, அவளிடமே நீட்டினார்.